நாலு டிகிரி எலி

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லோர்னா எலியை எடுத்து வைத்தாள். கொல்லைக் கொட்டகையில் இருந்த ஃப்ரீசரைத் திறந்து, கையுறை போட்ட விரல்களால் ஒரு பொட்டலத்தை எடுத்து, எஃகுத் தட்டில் கிடத்தி, தட்டின் விளிம்பில் ஒரு சீட்டு ஒட்டினாள். சீட்டில் தேதி, நேரம், கீழே தன் பெயரின் முதல் எழுத்து. பிறகு பக்கத்தில் இருந்த பழைய ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் அதைத் தள்ளிவிட்டு, உள்ளே தொங்கிய வெப்பமானியைப் பார்த்தாள். நாலு டிகிரி. சரியாக இருந்தது.

மேல்தட்டுகள் முழுக்க அவள் புருஷன் டெஸ்ஸின் பீர் பாட்டில்கள். அதில் ஒன்றை எடுக்க வந்தவன் சீட்டைக் குனிந்து படித்தான்.

"இந்த எலிக்கு நடக்கிற மரியாதை எனக்கு நடக்கல லோர். எனக்கு யாரு சீட்டு ஒட்டுறா?"

"ஒட்டியிருப்பேன். காலாவதி தேதிதான் தெரியல."

டெஸ் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அடிலெய்டில் பாம்பு டாக்டர் நேரம் கொடுத்திருந்தாள். நாளை, ஞாயிறு சாயங்காலம், பாம்பு இந்த எலியைத் தின்றுவிட்டால் போக வேண்டியதில்லை. தின்னாவிட்டால் தொண்டையில் குழாய் விட்டுக் கூழ் ஊற்ற வேண்டும். இவ்வளவு இளைத்த உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. "சிலது தாங்கும்" என்றாள்.

பாம்பு இரைக்கு வாயைத் திறந்து முப்பது வாரம் ஆகிவிட்டது.

அது மகன் ஜேகோவின் பாம்பு. மர்ரே ஆற்றுப் பக்கத்துக் கம்பள மலைப்பாம்பு. ஆறரை அடி நீளம், சாம்பல் மேல் பழுப்புப் பட்டை. லைசென்ஸ் ஜேகோ பெயரில் இருக்கிறது. சுண்டுவிரல் கனத்தில் வாங்கி வந்த நாளில், சுருண்டு கிடந்த அதன் ஓரம் பாஸ்டியின் மடித்த விளிம்பு மாதிரி இருந்ததால் பாஸ்டி என்றே பெயர் வைத்தான். கடீனா ஊரில் வேறு என்ன பெயர் தோன்றும்? கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டியைத் தின்றே வளர்ந்த ஊர்.

ஜேகோ பிளம்பர். ஜனவரியில் அண்டார்க்டிகாவுக்கு வேலைக்குப் போனான். குளிர்காலம் முழுக்க அங்கே. டிசம்பரில் கப்பல் வந்தால்தான் திரும்ப முடியும். நடுவில் யார் செத்தாலும் வர வழியில்லை. கிளம்பும்போது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்டிய மட்டும் பாத்துக்கோம்மா, மத்தது எதையும் கேக்க மாட்டேன்" என்றான். முப்பது வயது ஆள், அந்த ஒன்றைச் சொல்லும்போது குரல் இளகியது. லோர்னா சரி என்றுவிட்டாள்.

அவளுக்குப் பாம்பு என்றால் ஆகாது. சின்ன வயசில் கோழிக்கூட்டில் முட்டைக்குக் கைவிட்ட இடத்தில் பழுப்புப் பாம்பு கிடந்தது. கடிக்கவில்லை. அவள் கையின் மேலேயே ஊர்ந்து, அவசரமில்லாமல் போனது. அந்தச் சில்லிப்பு ஐம்பது வருஷம் கழித்தும் முழங்கையில் இருக்கிறது. ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்பது அவள் பழக்கம்.

ஜேகோ இருந்தவரை பாஸ்டிக்கு ஃப்ரீசர் எலி தெரியாது. அவன் நண்பன் ஒருவன் தெருக்கோடியில் எலி வளர்த்தான். அப்போதுதான் கொன்ற எலியைச் சூடு ஆறாமல் காகிதப் பையில் கொண்டுவந்து தருவான். மார்ச்சில் அவன் வேலை கிடைத்து பெர்த்துக்குப் போய்விட்டான். எலிக்கூண்டுகளும் போயின. ஜேகோ ஃபோனில் ஆள் பிடித்து ஃப்ரீசர் எலி ஐம்பது அனுப்பச் செய்தான். "ஐஸ் விட்டதும் குடும்மா, பழகிக்கும்" என்றான். ஐஸை எப்படி விட வைப்பது என்று அவன் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் பெரிய அடுப்படியில் நின்றவளிடம் அதைப் போய் யார் சொல்வார்கள்?

முதல் எலியை பாஸ்டி மோந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது எலிக்குத் தலையைத் தூக்கி, அதைத் தாண்டி லோர்னாவைப் பார்த்தது. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் எலியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். குளிர்காலத்தில் இந்த ஜாதி சாப்பிடாது என்று புத்தகத்தில் படித்ததும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொஞ்சம் மூச்சு விட்டாள். செப்டம்பர் வந்தது. வெயில் ஏறியது. ஊரில் மற்ற பாம்பெல்லாம் வெளியே வந்துவிட்டது. பாஸ்டியின் முதுகெலும்பு மட்டும் கூரை முகடு மாதிரி எழுந்து நின்றது.

ஞாயிறுதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு ஜேகோ கூப்பிடுவான்.

"பாஸ்டி சாப்டுச்சாம்மா?"

"சாப்டுச்சுடா."

முதல் தடவை வாய் தவறி வந்தது அது. பிள்ளை அவ்வளவு தூரத்தில், பனியில் கிடக்கிறான், என்ன செய்வான் என்று நினைத்தாள். இரண்டாம் தடவை, முதல் தடவை சொன்னதற்காகச் சொன்னாள். டெஸ்ஸும் காட்டிக்கொடுக்கவில்லை. ஃப்ரீசரில் எலியும் வாரம் ஒன்றாகக் குறைந்துகொண்டே வந்ததால் பொய் கேட்பாரில்லாமல் நன்றாகவே நடந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பொய் நன்றாக நடப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும்.

லோர்னா ட்ரெசீஸ் பிறந்தது, பள்ளிக்குப் போனது, கல்யாணம் கட்டியது எல்லாம் கடீனாவில்தான். இருபத்திநாலு வயதில் ஊர் முதியோர் இல்லத்து அடுப்படியில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். முப்பத்தைந்தில் தலைமைச் சமையல்காரி. அவள் சமையலில் ருசி பிரமாதம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் அடுப்படியில் தரையில் விழுந்ததை எடுத்துச் சாப்பிடலாம் என்று சொல்வார்கள். புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே பாடம்: "அஞ்சு டிகிரிக்குக் கீழ, இல்ல அறுபதுக்கு மேல. நடுவுல இருக்கிறது சாவு. உறைஞ்ச கறிய வெளிய வெக்காத. வெந்நீர்ல போடாத. ஃப்ரிட்ஜுல அடித்தட்டு, இருபத்திநாலு மணி நேரம். புரிஞ்சுதா?" பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளை வெப்பமானி என்பார்கள். அவளுக்கும் அது தெரியும்.

அவள் முதலிலிருந்தே இப்படி இல்லை. பதினைந்து வருஷமாகத்தான் இப்படி.

பதினைந்து வருஷத்துக்கு முன் நவம்பரில், மெல்பர்ன் கோப்பை நாள். இல்லத்துப் பெரியவர்கள் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து குதிரைப் பந்தயம் பார்ப்பார்கள். கோழியும் சாலடும் சாப்பாடு. முந்தின நாள் திங்கட்கிழமை, ஜேகோவின் பல்லுக்குக் கம்பி கட்ட அடிலெய்டுக்குப் போன அவசரத்தில், பத்துக் கோழியை ஃப்ரீசரிலிருந்து குளிரறைக்கு மாற்ற லோர்னா மறந்துபோனாள். செவ்வாய் காலை ஆறே காலுக்கு வந்து பார்த்தால் பத்தும் பாறாங்கல். வேறு யாரும் வருவதற்குள் ஆழமான எஃகுத் தொட்டியில் வெந்நீரை நிறைத்துப் பத்தையும் அதில் போட்டாள். வெந்ததும் ஒன்றே ஒன்றில்தான் வெப்பமானியைக் குத்திப் பார்த்தாள். மற்றதற்கு நேரமில்லை. வெப்பநிலை குறிக்கும் தாளில் மட்டும், திங்கள் காலை ஏழு மணி, குளிரறை, நாலு டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொரு பேருக்கு வயிற்றுப்போக்கு. பத்துப் பேர் பிழைத்தார்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை விடிகாலை போய்விட்டார். ஹெக்டர் ட்ரெசீஸ், எண்பத்தெட்டு வயது, துறைமுகத்தில் தானிய மூட்டை தூக்கியவர். டெஸ்ஸின் அப்பா.

அதிகாரிகள் வந்தார்கள். கோழியில் மிச்சம் எதுவுமில்லை. தாளைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. காரணம் உறுதியாகவில்லை என்று எழுதிப் போனார்கள். ஊர் அப்படி விடுமா? கோப்பை நாளன்று வேரா நான்கிவெல் என்ற பெண்மணி தன் வீட்டிலிருந்து க்ரீம் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். கேக்குதான் என்றார்கள். வேரா அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் எதையும் சுடவில்லை. டெஸ் இன்றுவரை கடையில் அவளைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவான்.

லோர்னா வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் பயத்தில். அப்புறம், முதல் வாரம் சொல்லாததால்.

ஆகவே எலி ஃப்ரிட்ஜில், அடித்தட்டில், இருபத்திநாலு மணி நேரம். அதில் அவளுக்கு வேறு யோசனையே வந்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். நீளமான இடுக்கியில் எலியைப் பிடித்து உயிருள்ளது மாதிரி ஆட்டினாள். பக்கத்து வீட்டுக் கோழியின் இறகை வாங்கி அதன் மேல் தேய்த்தாள். கண்ணாடிப் பெட்டியைப் போர்வையால் மூடி, விடியும்வரை யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள். கடையில் யாரோ சொன்னார்கள் என்று எலியை அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.

"உன் சமையலுக்கு வாய மூடிக்கிட்ட முதல் ஆளு இவன்தான்" என்றான் டெஸ். "தைரியசாலி. நான் முப்பது வருஷமா முயற்சி பண்றேன்."

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, பாம்பு அசைந்தது. தலை மெதுவாக உயர்ந்தது. கழுத்து எஸ் எழுத்தாக மடிந்தது. லோர்னாவின் மனசு துள்ளியது. எலியை இன்னும் கிட்டே நீட்டினாள். கண்ணில் பட்டது ஒரு கோடு மட்டும்தான். எலி இருந்த இடத்திலேயே இருக்க, பாம்பு அவள் கையில் இருந்தது. அடுப்புக் கையுறை போட்டிருந்ததால் பல் தோலில் இறங்கவில்லை. அது உடனே விட்டுவிட்டு, தப்பு செய்தது போலப் பின்வாங்கிச் சுருண்டுகொண்டது. லோர்னா ஜேகோவின் கட்டிலில் உட்கார்ந்தாள். கையுறையின் பஞ்சில் சின்னச் சின்னத் துளைகள், வளையமாக.

அன்றிலிருந்து இரண்டு கையிலும் கையுறை போடாமல் அவள் அந்த அறைக்குள் போகவில்லை. அதற்கு எலி வேண்டாம், நான்தான் வேண்டும் என்று தோன்றியது. பகல் வெளிச்சத்தில் நினைத்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் பெட்டிக்கு முன்னால் நின்றால் அப்படித் தோன்றாது. அது அவளைப் பார்த்த பார்வை, தெரிந்துகொண்ட பார்வை.

பாம்பு டாக்டரிடம் முதல் தடவை போனபோது அந்தப் பெண் வாயைத் திறந்து பார்த்தாள், எடை போட்டாள், நோய் எதுவும் இல்லை என்றாள்.

"எலியோட ஐஸ எப்படி விட வெக்கிறீங்க?"

"முறைப்படிதான்" என்றாள் லோர்னா.

டாக்டர் தலையாட்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். லோர்னாவின் முகத்தைப் பார்த்தால் முறையைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்கத் தோன்றாது.

ஞாயிறு மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. டெஸ் அடிபட்ட முழங்காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஃபோன் மேசை மேல், இருவரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்திருந்தது.

"அம்மா! எப்படி இருக்க? அந்தத் தடியன் சாப்டானா?"

லோர்னா வாயைத் திறந்தாள். 'சாப்டுச்சுடா' என்பது நாக்கில் தயாராக இருந்தது. நாளைக்கு டாக்டரின் மேசை மேல் பாம்பு செத்துப்போனால், போன வாரம் ரெண்டு எலி தின்றது என்று சொன்ன வாய் அடுத்த ஞாயிறு என்ன சொல்லும்? வியாழக்கிழமைவரை தேறி வந்த மாமனார் வெள்ளிக்கிழமை போனது நினைவுக்கு வந்தது.

"சாப்டல" என்றாள்.

"இந்த வாரமா?"

"மார்ச்லேருந்து."

டெஸ் காலைக் கீழே இறக்கினான்.

"போன வாரம் ரெண்டு தின்னுச்சுன்னியே" என்றான் ஜேகோ.

"சொன்னேன்."

"ஏம்மா?"

நாளை டாக்டர், குழாய், எடை என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் அடுப்படிக் குரலாக, கறாராக ஆனது. ஜேகோ குறுக்கிட்டான்.

"இரு, இரு. எலிய எப்படிக் குடுக்கிற? எவ்வளவு சூடா?"

"சூடா? நாலு டிகிரி."

"என்னது?"

"நாலு டிகிரிடா. ஃப்ரிட்ஜுலேருந்து எடுத்த உடனே குடுக்கிறேன். ஒரு நிமிஷம்கூட வெளிய வெக்கிறதில்ல."

ஜேகோ சிரித்தான். கோபம் இருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அம்மா! அதுக்கு அது எலியே இல்ல, கல்லு! அதோட உதட்டோரம் குழி குழியா இருக்கும் பாரு, அதாலதான் சூட்டப் பாக்கும். சூடு இருந்தாத்தான் இரை. சில்லுன்னு ஒண்ண நீட்டுனா அது எங்க பாக்கும்?"

"என் கையத்தான் பாத்துச்சு" என்றாள் லோர்னா மெதுவாக.

"பின்ன! அந்த ரூம்லயே சூடான எலி உன் கைதான். வெந்நீர்ல போடும்மா. கை பொறுக்கிற சூடு, முப்பத்தெட்டு, நாப்பது டிகிரி. அரை மணி நேரம். தலைய இன்னும் கொஞ்சம் சூடாக்கு. அப்புறம் பாரு."

"முப்பத்தெட்டா?"

"ஆமா."

"கெட்டுப் போயிரும். அதோட வயித்துக்கு ஒத்துக்காது. செத்துப் போயிரும் ஜேகோ."

"உலகம் பூராவும் அப்படித்தாம்மா குடுக்கிறாங்க. அப்பா, நீயாவது சொல்லு!"

"விடுடா, நான் பாத்துக்கிறேன்" என்றான் டெஸ். "உங்கம்மா எலிக்கு சாலட் செய்யாம இருந்தாளே, அதுவே பெருசு."

ஐந்து மணிக்கு டெஸ் கொட்டகைக்குப் போய்த் தட்டை எடுத்து வந்து, துணி துவைக்கும் அறைக்குள் போனான். லோர்னாவும் பின்னாலேயே போனாள். ஆழமான எஃகுத் தொட்டி. அவன் அடைப்பானைப் போட்டு வெந்நீர்க் குழாயைத் திருப்பினான். ஆவி எழுந்தது. அவள் எட்டிக் குழாயை மூடினாள்.

"லோர்."

"நாளைக்கு டாக்டர்கிட்டயே போவோம்."

"குழாய் சொருகறதுக்கா? உன் பிள்ளை சொன்னதக் கேக்கலியா?"

"அவனுக்கு என்ன தெரியும், பிளம்பர்."

"வெந்நீரப் பத்தி பிளம்பருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" டெஸ் மறுபடி குழாயைத் திருப்பினான். எலியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, தண்ணீருக்குள் அமுக்கினான்.

லோர்னா சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். நாற்பத்தொன்று. நாற்பது. முப்பத்தொன்பது. எந்தச் சூட்டில் என்ன கிருமி எவ்வளவு நேரத்தில் இரட்டிக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அரை மணி நேரத்தையும் அங்கேயே நின்று கழித்தாள். பைக்குள் எலியின் மயிர் மெல்ல விரிந்தது. கால்கள் இளகின. உயிர் வந்த மாதிரி அது தண்ணீரில் லேசாகத் திரும்பியபோது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே" என்றான் டெஸ். "எலிதானே."

பெட்டி தாழ்வான மேசையில் இருந்ததால் டெஸ்ஸால் குனிந்து நீட்ட முடியாது. இடுக்கி அவள் கைக்கே வந்தது. அவள் இரண்டு கையிலும் கையுறை போட்டு, கதவை ஒரு சாண் திறந்து, எலியின் தலை முன்னால் வரும்படி நீட்டினாள். பாஸ்டி பெட்டியின் அந்தக் கோடியில் கிடந்தது. நாக்கு ஒருமுறை வந்து போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை உள்ளே போக நேரமெடுத்தது. தலை தரையை விட்டு எழுந்தது.

"கைய ஆட்டாத" என்றான் டெஸ் கிசுகிசுப்பாக.

"நான் ஆட்டல, அதுவா ஆடுது."

கழுத்து மடிந்தது. அவளுக்கு அந்த மடிப்பு தெரியும். கையை உருவிக்கொண்டு ஓட உடம்பு முழுக்கத் துடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இடுக்கி ஒரு உதறு உதறியது. கண்ணைத் திறந்தபோது எலி இல்லை. மூன்று சுருளுக்கு நடுவே வெள்ளை வால் ஒன்று மட்டும் வெளியே தொங்கியது. சத்தமே இல்லாமல் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

விழுங்கும்போது சத்தம் போட்டால் பயந்து கக்கிவிடும். இருவரும் ஜேகோவின் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில், சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். பாம்பு சுருளைத் தளர்த்தி, எலியின் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, தாடையை ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம் என்று நகர்த்த ஆரம்பித்தது. முப்பது வாரத்துப் பசி, ஆனாலும் அவசரப்படவில்லை.

டெஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவன் கண் பளபளத்தது. பிள்ளைக்கு அடுத்த ஞாயிறு சொல்லப்போகிற சந்தோஷம் அதில் இருந்தது. அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தான்.

"பாத்தியா? அந்தத் தொட்டியப் பாத்து அப்படி வெளுத்துப் போனியே. வெந்நீர் யாரக் கொன்னுச்சு, சொல்லு."

அவன் வேடிக்கையாகத்தான் கேட்டான். தலையசைத்து விட்டிருக்கலாம். பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்தாள். ஆனால் இன்று மத்தியானம் ஒரு முறை உண்மை சொல்லிப் பழகிய வாய், மூடிக்கொள்ளத் தாமதித்தது.

"உன் அப்பாவ" என்றாள்.

டெஸ் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"பத்துக் கோழி" என்றாள் லோர்னா, அதே கிசுகிசுப்பில், பாம்பைப் பார்த்தபடியே. "எடுத்து வெக்க மறந்துட்டேன் டெஸ். காலையில வந்து வெந்நீர்ல போட்டேன். உள்ள சரியா வேகல. ஒண்ணத்தான் குத்திப் பாத்தேன். தாளுல பொய் எழுதினேன்."

"கேக்குன்னு சொன்னாங்க."

"சொன்னாங்க. நான் சும்மா இருந்தேன்."

"அதிகாரிங்க வந்தாங்களே."

"தாளப் பாத்தாங்க."

அவன் கை அவள் கையின் மேலேயே இருந்தது. ஆனால் பிடி போய்விட்டது. யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. எலியின் தோள்பட்டை உள்ளே போனது. பாம்பின் கழுத்துத் தோல் விரிந்து, பட்டைகளுக்கு நடுவே வெளிர்நிறம் தெரிந்தது.

"வேராவ" என்றான் டெஸ். "அவ புருஷன் செத்ததுக்குக்கூட நான் போகல."

"தெரியும்."

"நீ போன."

"போனேன்."

பின்னங்கால்கள் மடிந்து உள்ளே போயின. இனி வால்தான். லோர்னா அவன் பக்கம் திரும்பினாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததில் எல்லாம் அவன் கத்தினான், எதையாவது தூக்கி எறிந்தான். அதற்கெல்லாம் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அவனோ கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே இருப்பது எதுவும் கண்ணில் படாதவன் மாதிரி.

"டெஸ். ஏதாவது சொல்லு."

அவன் கையை எடுத்துக்கொண்டான். நல்ல முழங்காலில் ஊன்றி எழுந்தான். கட்டில் கிரீச்சிட்டது, பாம்பு ஒரு கணம் நின்று, மறுபடி விழுங்கியது. லோர்னாவால் எழுந்து அவன் பின்னால் போக முடியாது. இடுக்கி இன்னும் அவள் மடியில், பெட்டியின் கதவு இன்னும் ஒரு சாண் திறந்து.

"என்னத் திட்டவாவது செய்" என்றாள். "நீ என்ன செய்யப் போற? வேராகிட்டப் போகப் போறியா? டெஸ்?"

டெஸ் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, வெளியே போனான்.